‘இல்ல தம்பி, நீ சொல்லு’: பேச்சுக்கும் தாளம் உண்டு

ஒரு சின்ன சீனோட ஆரம்பிக்கலாம். போன வருஷம், ராத்திரி எட்டு மணி. நான் சென்னையில், அப்பா திருவையாறு பக்கத்தில் எங்க கிராமத்தில். வீடியோ கால்.

“அப்பா, வந்து...”

“தம்பி, அந்த...”

ரெண்டு பேரும் நிறுத்துகிறோம்.

“நீங்க சொல்லுங்கப்பா.”

“இல்ல தம்பி, நீ சொல்லு.”

மறுபடியும் ஒரே நேரத்தில் ஆரம்பிக்கிறோம். ரெண்டாவது நிமிஷம் “சரி தம்பி, சாப்ட்டு தூங்கு” என்று போன் அம்மா கைக்குப் போய்விடும்.

மாசக்கணக்கில் இதே கதை. “அப்பாவுக்கு என்கிட்ட பேசவே பிடிக்கல போல” என்று ஒருநாள் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை. “அவரும் உன்னைப் பத்தி அதையேதான்டா சொல்றாரு” என்றார்.

எங்களுக்குள் ஒரு சண்டையும் கிடையாது. அப்புறம் எங்கே இடிக்குது? அதைத் தேடினதுதான் இந்த எபிசோட். முதல் க்ளூ எங்க ஊர் வயலிலேயே இருந்தது.

நடவு பார்த்திருக்கீங்களா? பெண்கள் வரிசையாகக் குனிந்து நிற்பார்கள். ஒரு கையில் நாற்று முடி. இன்னொரு கை ரெண்டு மூணு நாற்றைப் பிரித்துச் சேற்றில் ஊன்றும். நட்டுக்கொண்டே பின்பக்கமாக நகர்வார்கள். ஒருத்தர் பாட்டு எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். பாட்டுக்காரம்மாதான் லீடர், மற்றவர்கள் காப்பி பண்ணுகிறார்கள் என்று சின்ன வயசில் நினைத்திருந்தேன்.

அப்படி இல்லை. ஒருத்தர் பிந்தினால், பக்கத்தில் இருப்பவர் கை கொஞ்சம் நீண்டு அவர் இடத்தையும் சேர்த்து நடும். முந்திப் போனவர் தானாக நிதானிப்பார். வரிசை வளையும், ஆனால் அறுந்து போகாது. எல்லோரும் எல்லோரையும் பார்த்து, சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள்.

இதற்கு ‘இன்டர்பர்சனல் சிங்க்ரொனி’ என்று பெயர். 2007-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ரெண்டு பேரைப் பக்கத்துப் பக்கத்தில் ஆடும் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவரவர் இஷ்டப்படி ஆடச் சொன்னார்கள். ஒருவர் ஆடுவது இன்னொருவர் கண்ணில் பட்டால் போதும், ஆட்டம் ஒன்று சேரப் பார்க்கும். நாற்காலிகளின் இயல்பான வேகம் வேறு வேறாக இருந்தாலும் இந்த இழுப்பு இருந்தது.

ஆனால் இதற்கு ஒரு கண்டிஷன் உண்டு. அடுத்தவர் செய்வது உடனே நம்மை வந்து சேரணும். அதற்குத் திருவையாறுக்குப் போவோம்.

தியாகராஜர் ஆராதனையில் நூற்றுக்கணக்கான பேர் வரிசை வரிசையாக உட்கார்ந்து பஞ்சரத்னக் கீர்த்தனைகளைச் சேர்ந்து பாடுவார்கள். அஞ்சும் ஆதி தாளம். ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 20 மீட்டர் தள்ளி இருப்பவர் குரல் உங்களுக்குக் கிட்டத்தட்ட 60 மில்லிசெகண்ட் கழித்துத்தான் கேட்கும். காதை மட்டும் நம்பினால் பாட்டு இழுத்துக்கொண்டே போகும். ஆனால் தாளம் கையில் இருக்கிறது. தட்டு, மூணு விரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. எதிர் வரிசையில் கை விழுவது கண்ணுக்கு அந்த நொடியே தெரிந்துவிடும்.

காது மட்டும் இருந்தால் என்ன ஆகும்? 2004-இல் ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ் சேஃப் குழு இதைச் சோதித்தது. ரெண்டு பேர் தனித்தனி அறையில், ஹெட்ஃபோனில் மட்டும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு சேர்ந்து கை தட்ட வேண்டும். நடுவில் தாமதத்தைக் கூட்டக் கூட்ட, தட்டும் வேகம் குறைந்துகொண்டே வந்தது. இவர் அவருக்காகக் காத்திருக்கிறார், அவர் இவருக்காக. யார் மேலும் தப்பில்லை. தப்பு நடுவில் இருக்கிற ஒயரில்.

பேச்சும் இதே மாதிரிதான். 2009-இல் வந்த ஓர் ஆய்வு பத்து மொழிகளில் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அளந்தது. சராசரி சுமார் 200 மில்லிசெகண்ட். ஆனால் ஒரு வார்த்தையை யோசித்து வாயில் கொண்டுவரவே ஏறக்குறைய 600 ஆகும். அப்போ அடுத்தவர் முடிப்பதற்கு முன்பே, அவர் எங்கே முடிப்பார் என்று கணித்து நாம் தயாராகிறோம். நம்ம சிபியூவில் நடக்கும் பிராஞ்ச் ப்ரெடிக்‌ஷன் மாதிரி. டேட்டா லேட்டாக வந்தால் கணிப்பு மொத்தமும் போச்சு.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பாவோடு ஒரு டெஸ்ட் பண்ணினேன். திண்ணையில் உட்கார்ந்து மாற்றி மாற்றி எண்ணினோம்: நான் ஒன்று, அவர் ரெண்டு, இப்படி இருபது வரை. 10 விநாடி. சென்னை திரும்பி வீடியோ காலில் அதையே செய்தோம். 23 விநாடி. கூடுதல் 13 விநாடியை 19 கைமாற்றத்தால் வகுத்தால், ஒரு பக்கம் போகவே கிட்டத்தட்ட 0.7 விநாடி. அதாவது நான் பேசி முடித்தபின் அவர் பதில் என்னை அடைய, வழக்கத்தைவிடப் போக வர 1.4 விநாடி அதிகம். அந்த மௌனத்தில் நான் அடுத்த கேள்வியைப் போடுவேன், அதே நேரம் அவர் பதில் வந்து மோதும்.

2014-இல் ஜெர்மனியில் நடந்த ஓர் ஆய்வு இன்னும் சுருக்கென்று குத்தியது. இணைப்பில் 1.2 விநாடித் தாமதம் வந்ததும், பேசியவர்கள் எதிரில் இருப்பவர் கவனமில்லாமல், அவ்வளவாக ஒட்டாமல் பேசுகிறார் என்று மதிப்பிட்டார்கள். லைனைக் குறை சொல்லவில்லை, ஆளைத்தான்.

நானும் அதைத்தான் செய்திருக்கிறேன். ஒரு வருஷமா, நெட்வொர்க்கே தொழிலாக இருக்கிற ஆள்!

எல்லா மௌனத்துக்கும் சிக்னல் காரணமில்லை, அது தெரியும். ஆனால் “இவர் மாறிட்டார்” என்று முடிவு கட்டும் முன், ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணிப் பாருங்க. இப்போ நாங்கள் வீடியோவை விட்டுவிட்டோம். அப்பா கொல்லைப்புறம் வந்து சாதா கால்தான் பேசுகிறார். அங்கே தாமதம் குறைவு. நானும் பேசி முடித்ததும் மனசுக்குள் ரெண்டு எண்ணுகிறேன். போன வாரம் ஆற்றில் தண்ணி வந்த கதை மட்டும் இருபது நிமிஷம் ஓடியது. நடுவில் ஒரு தடவை ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். யாரும் நிறுத்தவில்லை.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.