ஃபெரெட்டுக்கு வயிறு வலித்தால்

ஃபெரெட் பல்லை நறநறவென்று கடித்தால் அதற்குக் கோபம் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் வயிற்றுவலி. கூடவே எச்சில் வழியும், முன்காலால் வாயைப் பிறாண்டும், தட்டில் வைத்த இறைச்சியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். அமெரிக்காவில் இந்தப் பிராணியை வளர்க்கும் வீடுகளில் பலரும் பார்த்த காட்சிதான்.

தோற்றத்தில் ஃபெரெட் கீரி மாதிரி இருக்கும். ஆனால் உறவுக்காரர்கள் நீர்நாயும் நீலகிரி மரநாயும்தான். வளைக்குள் பதுங்கும் முயலை விரட்ட ஐரோப்பியர் இதைப் பழக்கி 2000 ஆண்டுகளுக்கு மேலாகிறது. எடை ஏறக்குறைய ஒரு கிலோ. முழு அசைவம். தின்றது மூன்று, நான்கு மணி நேரத்தில் குடலைக் கடந்து வெளியே வந்துவிடும்.

இதன் இரைப்பையில் ஹெலிகோபாக்டர் முஸ்டெலே என்றொரு பாக்டீரியா குடியிருக்கிறது. மனிதருக்கு அல்சரை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரியின் நெருங்கிய இனம். அமிலத்துக்கு நடுவே எப்படிப் பிழைக்கிறது? யூரியேஸ் என்ற நொதியால் யூரியாவை உடைத்து அமோனியா ஆக்குகிறது. தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை அந்த அமோனியா தணித்துவிடுகிறது. அல்சருக்குக் கவலையும் காரமும்தான் காரணம் என்று உலகமே நம்பிய காலத்தில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மருத்துவர் பாரி மார்ஷல், கிருமிதான் காரணம் என்று காட்ட 1984-இல் பைலோரியைத் தானே குடித்தார். அவருக்கும் அவருடன் ஆராய்ந்த ராபின் வாரனுக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே எண்பதுகளில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜேம்ஸ் ஃபாக்ஸ் குழுவினர் ஃபெரெட்டின் இரைப்பையிலிருந்து முஸ்டெலே கிருமியைப் பிரித்தெடுத்தார்கள். பின்னர், கிருமி இல்லாத ஃபெரெட்டுகளுக்கு அதைக் கொடுத்து, அவற்றுக்கும் இரைப்பை அழற்சி வருவதைக் காட்டினார்கள். மனித அல்சர் ஆராய்ச்சிக்கு இந்தப் பிராணி செய்த உதவி அதிகம் பேசப்படாதது.

சிக்கல் இங்கேதான். பால்குடி மறக்கும் வயதுக்குள் தாயின் மலம் வழியாகக் குட்டிகளுக்கு முஸ்டெலே தொற்றிவிடுகிறது. அமெரிக்காவில் வளர்ந்த ஃபெரெட்டுகளில் கிட்டத்தட்ட எல்லாவற்றிடமும் உண்டு. பெரும்பாலானவை ஒரு தொந்தரவும் இல்லாமல் வாழ்கின்றன. அறுவைசிகிச்சை, வேறு நோய், இடமாற்றம், கூண்டுக்குப் புதிதாக வந்த இன்னொரு ஃபெரெட் என்று உடலோ மனமோ தளரும்போதுதான் புண் கிளம்புகிறது. ஆகவே மலப் பரிசோதனையில் கிருமி தெரிந்தது என்பதை மட்டும் வைத்து நோயைத் தீர்மானிக்க முடியாது. மயக்க மருந்து கொடுத்து, எண்டோஸ்கோப்பி வழியே இரைப்பைத் திசுவை எடுத்துப் பார்ப்பதுதான் உறுதியான வழி. செலவும் ஆபத்தும் கருதிப் பல மருத்துவர்கள் மருந்தைக் கொடுத்துக் குணமாகிறதா என்று பார்க்கிறார்கள். நியாயமான வழிதான், ஆனால் அதற்குமுன் இரண்டு சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஃபெரெட்டுக்கு ரப்பரைக் கடித்து விழுங்கும் பைத்தியம் உண்டு. அது குடலை அடைத்திருக்கலாம். கணையத்தில் வரும் இன்சுலினோமா கட்டியால் சர்க்கரை இறங்கினாலும் இதே எச்சில், இதே வாய்ப் பிறாண்டல்தான்.

பழகிப்போன சிகிச்சை மூன்று மருந்துக் கூட்டு: அமாக்ஸிசிலின், மெட்ரோனிடசோல், பிஸ்மத் சப்சாலிசிலேட். ஒன்றை மட்டும் கொடுத்தால் கிருமி பிழைத்துக்கொண்டு எதிர்ப்பையும் வளர்த்துக்கொள்ளும். மெட்ரோனிடசோல் கடும் கசப்பு. நாக்கில் பட்டதும் ஃபெரெட் நுரை தள்ளித் துப்பிவிடும். இறைச்சிச் சுவை சேர்த்த திரவமாகக் கலந்து தரச் சொல்லலாம். இந்த மூன்று மருந்துக் கூட்டுக்கு மாற்றாக கிளாரித்ரோமைசினைச் சேர்த்த கூட்டும் உண்டு. அமிலத்தைக் குறைக்க ஒமெப்ரசோல் அல்லது ஃபமோடிடின், புண்ணின்மேல் படலமாகப் படிய சுக்ரால்ஃபேட். இந்தக் கடைசி மருந்தை உணவுக்கு முன்பே கொடுக்க வேண்டும். சிகிச்சை இரண்டு முதல் நான்கு வாரம். சில நாளிலேயே ஃபெரெட் துள்ள ஆரம்பித்துவிடும். அதைப் பார்த்து மருந்தை நிறுத்துபவர்கள்தான் மறுபடி மருத்துவரிடம் வருகிறார்கள்.

பிஸ்மத் கொடுக்கும் நாள்களில் மலம் எப்படியும் கறுக்கும். மருந்து தொடங்கும் முன்பே மலம் தார்போல் கறுத்திருந்தால், ஈறும் வெளுத்திருந்தால், உள்ளே ரத்தம் கசிகிறது என்று கொள்ளுங்கள். மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம். வீட்டில் இருக்கும் மனிதருக்கான மாத்திரையை உடைத்துக் கொடுக்கவும் வேண்டாம். ஒரு கிலோ உடலுக்கான அளவை எடை பார்த்து மருத்துவரே சொல்ல வேண்டும்.