மோட்டார் சைக்கிள் எண்ணெய்

ராயல் என்பீல்டு நிறுவனத்தின் மீட்டியார் 350 என்னும் மோட்டார் சைக்கிள், நெடும்பயணத்திற்கென 2020ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் எந்திரம், கிளச்சு, பல்சக்கரங்கள் ஆகிய மூன்றும் ஒரே எண்ணெயில் தோய்ந்து இயங்குகின்றன. ஆதலின், கார் எண்ணெயை அதில் வார்த்தல் பிழை. கார் எண்ணெய்கள் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் பொருள்கள் கலந்துள்ளன. அவை கிளச்சுத் தட்டுகளை வழுக்கச் செய்யும். ‘எல்லா எண்ணெயும் ஒன்றே’ என்பார் சொல்லை நம்பலாகாது. குப்பியின்மீது ‘ஜாசோ எம்.ஏ.’ அல்லது ‘எம்.ஏ.2’ என்னும் குறி உளதா என நோக்குதல் வேண்டும்.

வீட்டிலேயே எண்ணெய் மாற்றுவோர், முதலில் எந்திரத்தைச் சில நிமிடம் ஓட்டி நிறுத்துவர். வெதுவெதுப்பான எண்ணெய் இளகி, அழுக்கையும் உலோகத் துகளையும் உடன்கொண்டு ஒழுகும். மிகச் சூடேறியிருப்பின் கை வெந்துபோம். சிறிது ஆறவிடுதல் நன்று. பின்னர் அடிப்புறத் திருகாணியைக் கழற்றிப் பழைய எண்ணெயை அகன்ற தட்டில் ஏந்துவர். வடிகட்டியை மாற்றி, திருகாணிக்குப் புதிய வளையமிட்டு முடுக்குவர். இங்கேதான் பலர் தவறுகின்றனர். வலிமையெல்லாம் காட்டித் திருகினால், மென்மையான அலுமினியப் புரி சிதைந்து எண்ணெய் கசியும். புதிய எண்ணெயை வார்த்தபின், வண்டியைச் சாய்க்காமல் நேராக நிறுத்தி அளவு பார்ப்பர்.

கழிந்த எண்ணெயைச் சாக்கடையிற் கொட்டுதல் பெருந்தீங்கு. அது நீரின்மேற் படலமாய்ப் பரவிக் காற்று உட்புகாமல் தடுக்கும், மீன்கள் மடியும். மூடிய கலத்தில் அடைத்துப் பழைய எண்ணெய் பெறும் நிலையத்திற் சேர்ப்பித்தால், அதனைத் தூய்மையாக்கி மீண்டும் மசகெண்ணெயாக்குவர்.