ஓர் அறையில் இரு வகுப்புகள்: மும்பைத் தமிழ்ப் பள்ளிகளுக்குத் தேவை புதிய ஒழுங்கு

மும்பை மாட்டுங்காவில் குடியேறிய தென்னிந்தியக் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளின் கல்விக்குத் தாமே வழிதேடிக் கொண்டன. தென்னிந்தியக் கல்விச் சங்கம் அங்கு 1932-ல் தொடங்கப்பட்டது. ஆனால் மாட்டுங்காவை அடுத்துள்ள தாராவியின் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பெரிதும் நம்பியிருந்தது மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகளைத்தான். மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, ஆங்கிலம், தமிழ், தெலுங்கு, கன்னடம் என எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்திவரும் மாநகராட்சி அது.

ஆங்கிலவழிக் கல்வியை நாடும் பெற்றோர் பெருகியதால், தாய்மொழிவழி வகுப்புகளில் மாணவர் சேர்க்கை குறைந்து வருவது அனைவரும் அறிந்ததே. சேர்க்கை குறைந்தால் ஆசிரியர் பணியிடங்களும் குறையும். வகுப்புகள் மட்டும் குறைவதில்லை என்பதே சிக்கல்.

2010 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, 60 குழந்தைகள் வரை பயிலும் தொடக்கப் பள்ளிக்கு 2 ஆசிரியர்கள் போதும். 61 முதல் 90 வரை என்றால் 3 ஆசிரியர்கள். ஆசிரியர் ஒருவருக்குக் குறைந்தது ஓர் அறை என்பதும் அதே அட்டவணையின் விதி. எனவே சட்டம் முழுமையாக நிறைவேற்றப்பட்ட சிறிய பள்ளியிலும், ஐந்து வகுப்புகளை இரண்டு ஆசிரியர்கள் இரண்டு அறைகளில் நடத்த வேண்டிய நிலை ஏற்படலாம்.

அத்தகைய அறையில் எல்லாப் பெஞ்சுகளும் ஒரே கரும்பலகையை நோக்கி வரிசையாகக் கிடந்தால் என்னவாகும்? மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் கணக்கு நடக்கையில் நான்காம் வகுப்பு சும்மா காத்திருக்கும். சற்று நேரத்தில் பேச்சும் சத்தமும் எழும். அதை அடக்குவதிலேயே பாடவேளை கரைந்துவிடும். பிள்ளைகள் மீது சுமத்தப்படும் இந்தக் குற்றத்தில் பெரும்பங்கு அறையின் அமைப்புக்கு உரியது.

சென்னை காட்டிய வழி

இதற்குத் தமிழகம் ஒரு தீர்வைக் கண்டது. எம்.பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, 2003-ல் சில மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் முறை தொடங்கப்பட்டது. ஆந்திர மாநிலம் ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளில் உருவான முறையே இதற்கு அடிப்படை. 2007-08 கல்வியாண்டில் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு இது விரிவுபடுத்தப்பட்டது.

பிள்ளைகள் பாயில் குழுக்களாக அமர்ந்தனர். ஆசிரியரும் அவர்களுடன் தரையில் அமர்ந்தார். சுவர்களின் கீழ்ப்பகுதி, பிள்ளைகளின் கைக்கு எட்டும் கரும்பலகையானது. பாட அட்டைகள் தட்டுகளில் வரிசைப்படுத்தப்பட்டன. கற்றல் ஏணியில் தான் நிற்கும் படியைப் பார்த்து, அடுத்த அட்டையைக் குழந்தையே எடுத்துக்கொண்டது. வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகள் ஓரறையில் இருப்பது இதனால் இடையூறாகவில்லை. அட்டைகளைப் பராமரிப்பதும் ஒவ்வொரு குழந்தையின் முன்னேற்றத்தையும் பதிவு செய்வதும் ஆசிரியருக்குச் சுமையானதால், இம்முறை பின்னர் எளிமைப்படுத்தப்பட்டது.

மும்பையின் அனுபவம்

மும்பைக்கும் சொந்த அனுபவம் உண்டு. பிரதம் அமைப்பின் 'பால்சகி' திட்டம் 2001 முதல் 2003 வரை மும்பையிலும் வதோதராவிலும் ஆராயப்பட்டது. மூன்றாம், நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய பிள்ளைகளை, அதே பகுதியைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் தனியே அழைத்துச் சென்று எழுத்தும் எண்ணும் கற்பித்தார். அறை கிடைக்காத இடத்தில் தாழ்வாரமே வகுப்பறை.

ஆய்வாளர்களில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ இருவரும் 2019-ல் நோபல் பரிசு பெற்றனர் என்பது குறிப்பிடத்தக்கது. தனியே அழைத்துச் செல்லப்பட்ட பிள்ளைகள் முன்னேறினர். நெரிசல் குறைந்த வகுப்பில் எஞ்சியவர்களிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தென்படவில்லை. கூட்டம் குறைந்தால் மட்டும் போதாது. கற்பிக்கும் முறையும் குழு அமைப்பும் மாற வேண்டும் என்பதே இதன் பொருள்.

செலவு அதிகமில்லை

மும்பையின் தமிழ்வழி வகுப்புகளில் இதைச் செய்யப் பெரும் நிதி தேவையில்லை. எதிரெதிர்ச் சுவர்களில் இரு கரும்பலகைகள் வேண்டும். ஒரு குழு ஆசிரியரிடம் கற்கும் வேளையில், மற்றொரு குழு முதுகு திருப்பி அமர்ந்து தானே செய்யும் பயிற்சியில் ஈடுபட வேண்டும். புத்தகமும் அட்டைகளும் கைக்கெட்டும் உயரத்தில், பெயரிட்ட தட்டுகளில் இருக்க வேண்டும். அவற்றை எடுத்து வைக்கும் பொறுப்பைப் பிள்ளைகள் வாரமுறை வைத்து ஏற்கலாம். பார்வையும் செவித்திறனும் குறைந்தவர்கள் பலகைக்கு அருகில் அமர வேண்டும்.

ஆனால் இந்த ஒழுங்கைக் காரணம் காட்டி ஆசிரியர் பணியிடங்களை மேலும் குறைக்க முற்பட்டால் அது மோசடியாகும். நன்கு அமைந்த அறை ஆசிரியரின் நேரத்தை மீட்டுத் தரும், அவருக்கு மாற்றாகாது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழிவழிக் கல்விக்கு வசதி செய்ய மாநிலங்களும் உள்ளாட்சிகளும் முயல வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 350ஏ பிரிவு. வகுப்பைத் திறந்து வைப்பதோடு அந்தக் கடமை முடிந்துவிடாது. அதனுள் அமர்ந்திருக்கும் கடைசிப் பிள்ளையும் கற்கும்படி செய்வதே அதன் நிறைவு.