தொலைப்பணியும் நேர மண்டலமும்

பகலில் கூடும் சந்தையை நாளங்காடி என்றும் இரவில் கூடும் சந்தையை அல்லங்காடி என்றும் வழங்கிய நகரம் மதுரை. அவ்விரு அங்காடிகளின் ஆரவாரத்தை மதுரைக்காஞ்சி விரிவாகக் காட்டுகிறது. தூங்கா நகரம் என்னும் பெயர் இன்றும் அதற்குப் பொருந்துகிறது. ஆயினும், இக்காலத்தில் அங்கு நள்ளிரவில் விழித்திருப்போர் வணிகர் மட்டுமல்லர். கடல்கடந்த நாட்டு நிறுவனங்களுக்காக வீட்டிலிருந்தே மடிக்கணினியில் பணிபுரிவோரும் உளர். இத்தகைய தொலைப்பணிக்கு இடம் ஒரு தடையன்று, நேரமே தடையாகிறது.

பொழுதும் மணியும்

தமிழர் ஒரு நாளை அறுபது நாழிகைகளாகப் பகுத்தனர். ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். பத்து நாழிகை கொண்டது ஒரு சிறுபொழுது. அக்காலத்தில் கதிரவன் உச்சிக்கு வரும் வேளையே அந்தந்த ஊரின் நண்பகல். தொடர்வண்டிகள் ஓடத் தொடங்கியபின், ஊருக்கு ஊர் வேறுபடும் நேரம் இடர்ப்பாடு தந்தது. ஆதலால், சென்னை வானாய்வகத்தின் நேரத்தை இந்திய இரயில்வே பின்பற்றியது.

புவி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் ஆகிறது. 1884ஆம் ஆண்டு வாஷிங்டனில் கூடிய மாநாடு, கிரீன்விச் வழியே செல்லும் தீர்க்கக்கோட்டை முதன்மைக் கோடாக ஏற்றது. 82.5 பாகை கிழக்குத் தீர்க்கக்கோட்டை அடிப்படையாகக் கொண்ட இந்தியத் திட்ட நேரம் 1906 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அது கிரீன்விச் நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது. மதுரையோ ஏறத்தாழ 78 பாகையில் உள்ளது. எனவே, கடிகாரம் பன்னிரண்டைக் காட்டிய பின் சராசரியாகப் பதினேழு நிமிடங்கள் கழித்தே அங்குக் கதிரவன் உச்சியை அடைகிறது. கடிகார நேரம் மனிதர் வகுத்துக்கொண்ட ஓர் உடன்பாடு என்பது இதனால் விளங்கும்.

பணித்தளத்தைத் தேர்தல்

இலண்டன் அலுவலகம் காலை 9 முதல் மாலை 5 வரை இயங்குவதாகக் கொள்வோம். குளிர்காலத்தில் அது மதுரையில் பிற்பகல் 2.30 முதல் இரவு 10.30 வரை ஆகும். நியூயார்க்கின் அதே அலுவல் நேரம், மதுரையில் இரவு 7.30 முதல் பின்னிரவு 3.30 வரை நீளும்.

இந்நிலையில் சிலர் வெளிநாட்டிலிருந்து பணியாற்ற விரும்புகின்றனர். ஐக்கிய அரபு அமீரகம், மலேசியா முதலிய நாடுகள் தொலைப்பணியாளர்க்கெனத் தனி நுழைவிசைவு வழங்குகின்றன. வாடகை, வரி, இணைய வசதி ஆகியவற்றோடு தீர்க்கக்கோட்டையும் இங்குக் கருத வேண்டும். நியூயார்க் நிறுவனத்துக்காகத் துபாயில் இருந்து உழைப்பவருக்குப் பணி பின்னிரவு 2 மணிக்கு முடியும். இலண்டனில் இருப்பவருக்கோ இரவு 10 மணிக்கே முடிந்துவிடும். மாறாக, இலண்டன் நிறுவனத்துக்காகக் கோலாலம்பூரில் இருந்து பணிபுரிபவர் நள்ளிரவு ஒரு மணி வரை விழித்திருக்க நேரிடும். கொழும்புக்குச் சென்றாலோ மதுரையின் நேரமே தொடரும். ஆகவே, தெற்கு வடக்காக எவ்வளவு தொலைவு சென்றாலும் பெரிய பயன் இல்லை. மேற்கு நாடுகளுக்காக உழைப்போர் மேற்கே செல்லச் செல்லவே இரவுப்பணி குறையும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. இங்கிலாந்தும் அமெரிக்காவின் பெரும்பகுதியும் வேனிற்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துகின்றன. இந்தியா, அமீரகம், மலேசியா ஆகியவை அவ்வாறு செய்வதில்லை. எனவே, இக்கணக்கை ஆண்டுக்கு இருமுறை திருத்திக்கொள்ள வேண்டும்.

உடலின் கடிகாரம்

மனித உடலுக்குள்ளும் ஒரு கடிகாரம் உண்டு. உறக்கம், பசி, உடல்வெப்பம் ஆகியவற்றை அது ஒழுங்குபடுத்துகிறது. அதன் மூலக்கூற்று இயக்கத்தைக் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவர்க்கும் 2017ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பெற்றது. உயிர்க்கடிகாரத்தைக் குலைக்கும் இரவுப்பணியை, மனிதர்க்குப் பெரும்பாலும் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது என்ற பிரிவில், உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் சேர்த்தது. உயர்ந்த ஊதியத்தைக் கணக்கிடுவோர், இழக்கும் உறக்கத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதையே இது உணர்த்துகிறது.

மதுரையைச் சூழ்ந்த சமவெளியில் மல்லிகை மொட்டுகளை விரியும் முன்பே பறித்தாக வேண்டும். ஆதலால், தோட்டத் தொழிலாளர் வைகறையிலேயே புறப்படுவர். அத்தகைய ஒரு வீட்டில் நியூயார்க்குக்காக உழைக்கும் மகன் மடிக்கணினியை மூடும் வேளையில், தாய் பூக்கூடையை எடுக்கிறாள். ஒருவரின் நாள் முடிகிறது. மற்றவரின் நாள் தொடங்குகிறது. ஒரே கூரையின்கீழ் இரு நேர மண்டலங்கள் அமைந்துவிடுகின்றன. பணித்தளத்தைத் தேர்பவர், யாருடன் அமர்ந்து உண்பது என்பதையும் அதனோடு சேர்த்தே தேர்ந்துகொள்கிறார்.