எல்லை கடந்தால் – 11: ஒரே தண்டவாளம், நான்கு சட்டம்

லண்டன் ஈஸ்ட் ஹாமிலோ வெம்பிளியிலோ வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பாரிஸ் பக்கத்து ஊர் மாதிரிதான். கல்யாணம், பூப்புனித நீராட்டு விழா, மாணிக்க விநாயகர் கோயில் தேர் என்று ஏதாவது ஒன்று அழைத்துக்கொண்டே இருக்கும். செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்தில் யூரோஸ்டார் ஏறினால் இரண்டேகால் மணி நேரத்தில் பாரிஸின் கார் து நோர் நிலையம். அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் லா ஷப்பெல். கடைப் பலகைகளெல்லாம் தமிழில். அங்கே வந்திறங்கும் இளவட்டங்களில் பலரின் சட்டைப் பையில் இப்போது வேப் இருக்கிறது. சிகரெட்டை விடுவதற்காக அதை எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. சிகரெட்டைத் தொட்டே பார்க்காமல் நேராக இதில் விழுந்தவர்களும் உண்டு.

கிளம்புமுன் அவர்கள் கேட்பது ஒரே கேள்வி: “ஐரோப்பாவில வேப்புக்கு அனுமதி இருக்கா?” இப்படிக் கேட்டால் யாராலும் சரியாகப் பதில் சொல்ல முடியாது. கடைக்காரர் எதை விற்கலாம் என்பதற்கு ஒரு சட்டம். பயணி எதைப் பையில் வைத்திருக்கலாம் என்பது வேறு. அதை எங்கே நின்று இழுக்கலாம் என்பது இன்னும் வேறு. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் ஒருவர் காரணமில்லாமல் பயப்படுகிறார், இன்னொருவர் அபராதம் கட்டுகிறார்.

பொதுவான சட்டம் ஒன்று இருக்கிறது. புகையிலைப் பொருள்கள் குறித்து ஐரோப்பிய ஒன்றியம் 2014-ல் கொண்டுவந்த நெறிமுறை, 2016 மே 20 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 20-வது பிரிவு முழுக்க மின் சிகரெட்டைப் பற்றியது. திரவத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் நிகோட்டின் கூடாது. நிகோட்டின் கலந்த ரீஃபில் குப்பி 10 மில்லியைத் தாண்டக் கூடாது. கருவிக்குள் இருக்கும் டாங்க் 2 மில்லிதான். 20 என்ற எண்ணுக்கு அந்த நெறிமுறையே காரணம் சொல்கிறது: ஒரு சாதாரண சிகரெட்டைப் புகைத்து முடிக்கும் நேரத்தில் கிடைக்கும் நிகோட்டினுக்கு ஒப்பான அளவை இந்த அடர்த்தியே தந்துவிடும். பிரிட்டன் ஒன்றியத்தைவிட்டு வெளியேறிய பிறகும் இதே அளவுகளை வைத்திருக்கிறது. அமெரிக்காவில் சாதாரணமாகக் கிடைக்கும் 5 சதவீதக் கருவிகள் ஏறக்குறைய 50 மில்லிகிராம் கணக்கு. அவற்றை இந்த நாடுகளில் எந்தக் கடையும் சட்டப்படி விற்க முடியாது. பத்தாயிரம் இழுப்பு என்று அட்டையில் அச்சிட்டு, பெரிய டாங்க்கில் திரவத்தை நிரப்பி விற்பதும் அப்படித்தான். கல்லாவுக்கு அடியிலிருந்து யாராவது எடுத்து நீட்டினால் உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. வாங்காதீர்கள்.

இந்த அளவுகளுக்கு மேல் எது வந்தாலும் அந்தந்த நாட்டின் பொறுப்பு. வாசனை, இணைய விற்பனை, வரி, பொது இடம் எல்லாவற்றிலும் ஒவ்வொரு நாடும் தன் வழியில் போகிறது. செயின்ட் பாங்க்ரஸிலிருந்து ஆம்ஸ்டர்டாம் வரையுள்ள இருப்புப் பாதையிலேயே அது தெரிந்துவிடும்.

புறப்படும் ஊரிலேயே தொடங்குவோம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் டிஸ்போசபிள் வேப்பை விற்பதை 2025 ஜூன் 1 முதல் பிரிட்டன் தடைசெய்துவிட்டது. நிகோட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தடைதான். குப்பைதான் முதல் காரணம். வாரத்துக்கு ஏறக்குறைய 50 லட்சம் டிஸ்போசபிள்கள் குப்பைக்குப் போகின்றன என்று மெட்டீரியல் ஃபோக்கஸ் என்ற அமைப்பு 2023-ல் கணக்குச் சொன்னது. ஒவ்வொன்றிலும் ஒரு லித்தியம் பேட்டரி. தடை விற்பனைக்கு மட்டும்தான். ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பதை ஒருவர் பயன்படுத்துவது குற்றமில்லை. இந்தக் கோணத்தை மனதில் வைத்துக்கொண்டால் அடுத்தடுத்த நாடுகளையும் புரிந்துகொள்வது எளிது. இந்தச் சட்டங்களில் பெரும்பாலானவை கடைக்காரரைக் குறிவைப்பவை. பயணியை அவை மறைமுகமாகத்தான் தொடுகின்றன.

பிரான்ஸும் அந்த வழிதான். அங்கே டிஸ்போசபிளை ‘பஃப்’ என்பார்கள். பள்ளிப் பிள்ளைகள் பையில் அது புகுந்துவிட்டதைக் கண்டு பதறித்தான் 2025 பிப்ரவரி 24 அன்று சட்டம் கொண்டுவந்தார்கள். விற்பது மட்டுமல்ல, விற்பதற்காக வைத்திருப்பதும் இலவசமாகக் கொடுப்பதும்கூடத் தடை. மீறும் வியாபாரிக்கு 1,00,000 யூரோ வரை அபராதம். மச்சான் கேட்டான், சித்தப்பா மகன் கேட்டான் என்று லண்டனில் மிச்சமிருக்கும் பழைய சரக்கைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுபோகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒன்றிரண்டு இருந்தால் சொந்த உபயோகம் என்று சொல்லலாம். முப்பது இருந்தால் சுங்க அதிகாரி அதை வேறு மாதிரிதான் பார்ப்பார். பிரிட்டன் இப்போது ஒன்றியத்துக்கு வெளியே இருக்கும் நாடு என்பதையும், யூரோஸ்டாரில் போனாலும் சுங்க எல்லையைத் தாண்டித்தான் போகிறோம் என்பதையும் நம்மவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

பாரிஸில் எங்கே இழுக்கலாம்? 2017 அக்டோபர் 1 முதல் பள்ளிகளிலும், மூடிய பொதுப் போக்குவரத்திலும், பலர் சேர்ந்து வேலைசெய்யும் மூடிய அலுவலக இடங்களிலும் வேப்புக்குத் தடை. மெட்ரோவில், பேருந்தில், ரயில் பெட்டியில் கூடாது. உணவகத்திலும் பாரிலும் சட்டம் நேரடியாகத் தடுக்கவில்லை. முடிவு உரிமையாளர் கையில். பக்கத்து மேசையில் ஒருவர் ஊதுகிறார் என்பதற்காக நாமும் ஊதலாம் என்று நினைக்காமல், பரிமாறுகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். 2025 கோடையில் வந்த இன்னொரு விதி பலரைக் குழப்புகிறது. கடற்கரை, பூங்கா, பேருந்து நிழற்குடை, பள்ளி வாசல் ஆகிய இடங்களில் புகைத்தால் 135 யூரோ அபராதம் என்று அறிவித்தார்கள். அந்தத் தடைக்குள் மின் சிகரெட்டைச் சேர்க்கவில்லை. சேர்த்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. பள்ளி வாசலில் ஒரு பெரியவர் மாம்பழ வாசனையோடு வெண்புகை விடுவதைப் பார்க்கும் எட்டு வயதுக் குழந்தைக்கு அது சிகரெட் இல்லை என்ற வித்தியாசம் எப்படித் தெரியும்?

அடுத்து பிரஸ்ஸல்ஸ். ஒன்றியத்திலேயே முதலாவதாக டிஸ்போசபிள் விற்பனையை நிறுத்தியது பெல்ஜியம், 2025 ஜனவரி 1 அன்று. சுகாதார அமைச்சர் ஃபிராங்க் வாண்டன்புரூக் அதற்காக விடாமல் நின்றார். பொது இடங்களைப் பொறுத்தவரை பெல்ஜியத்தில் சிகரெட்டும் வேப்பும் ஒன்றுதான். நிகோட்டின் இல்லாத திரவம் என்று வாதாடினாலும் எடுபடாது. உணவகத்துக்குள் கூடாது. திறந்த வெளியாக இருந்தாலும் ரயில் நடைமேடையில் கூடாது. 2023 ஜனவரியிலிருந்து அங்கே புகைக்கத் தடை. பாரிஸிலிருந்து வந்து, ஆம்ஸ்டர்டாம் வண்டிக்காக பிரஸ்ஸல்ஸ் மிடி நிலையத்தில் அரைமணி நேரம் காத்திருக்கும்போதுதான் கை தானாகப் பைக்குள் போகும். நிலையத்தை விட்டு வெளியே வந்துவிடுவது நல்லது.

நெதர்லாந்துதான் பயணியைத் திணறடிக்கும். பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம் மூன்றுக்கும் இடையே பெரும்பாலும் யாரும் நம்மை நிறுத்துவதில்லை. சட்டமும் மாறவில்லை என்ற எண்ணம் அதனால்தான் வந்துவிடுகிறது. ஆம்ஸ்டர்டாமில் கடைக்குப் போய் ஸ்ட்ராபெர்ரி, புதினா என்று கேட்டால் கடைக்காரர் தலையாட்டி மறுப்பார். 2024 ஜனவரி 1 முதல் அங்கே புகையிலை வாசனை ஒன்றைத் தவிர வேறு எதையும் விற்க முடியாது. அந்த வாசனையை எதைக் கொண்டு உருவாக்கலாம் என்பதற்கும் அரசு பட்டியல் போட்டிருக்கிறது. மொத்தம் 16 வேதிப்பொருள்கள். மென்தாலுக்கும் இடமில்லை. டென்மார்க் 2022 ஏப்ரலில் இதேபோன்ற தடையைக் கொண்டுவந்தபோது மென்தாலை மட்டும் விட்டுவைத்தது. ஃபின்லாந்தும் ஹங்கேரியும் இவர்களுக்கெல்லாம் முன்பே வாசனைகளை நிறுத்திவிட்டவை. ஹங்கேரியில் அரசு உரிமம் பெற்ற புகையிலைக் கடை தவிர வேறெங்கும் இது கிடைக்காது.

ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் மாமா வீட்டு முகவரிக்கு இணையத்தில் ஆர்டர் போட்டுவிடலாம் என்று யோசிப்பவர்கள் உண்டு. 2023 ஜூலை 1 முதல் நெதர்லாந்தில் அந்த வழியும் அடைபட்டுவிட்டது. பெல்ஜியத்திலும் இணைய விற்பனை கிடையாது. ஆனால் லண்டனிலோ பாரிஸிலோ சட்டப்படி வாங்கிய பழ வாசனைத் திரவத்தை உங்கள் சொந்த உபயோகத்துக்குப் பையில் வைத்திருப்பதை டச்சுச் சட்டம் தடுக்கவில்லை. நடைமேடைகளில் 2020 அக்டோபரிலிருந்து புகைக்கக் கூடாது. அந்த ஆண்டு ஜூலை முதல் சிகரெட்டுக்குத் தடையுள்ள மூடிய இடங்களில் வேப்புக்கும் தடை.

சிகரெட்டை விட்டவர்களை நினைத்துத்தான் இந்த அத்தியாயத்தையே எழுதுகிறேன். இருபது வருடம் புகைத்துவிட்டு, வேப்பின் துணையோடு சிகரெட்டை நிறுத்தியவர் ஒருவர் நாலு நாள் பயணமாக ஆம்ஸ்டர்டாம் போகிறார். மூன்றாம் நாள் திரவம் தீர்ந்துவிடுகிறது. பழகிய வாசனை கடையில் இல்லை, பழகிய பாட் பொருந்தவில்லை, இணையத்திலும் வாங்க முடியவில்லை. இரவு பதினொரு மணிக்கு அவர் கண்ணில் படுவது எங்கேயாவது ஒரு சிகரெட் பாக்கெட்டாகத்தான் இருக்கும். மாதக்கணக்கில் பட்ட பாடு அந்த ஒரு இரவில் வீணாகிவிடும். ஆகவே போகிற நாட்களுக்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே 10 மில்லி குப்பிகளை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் ஒட்டிய லேபிளைக் கிழிக்காதீர்கள். எவ்வளவு நிகோட்டின் என்று கேட்டால் காட்ட அதுதான் சான்று. காயில் அல்லது பாட் ஒன்று உபரியாக இருக்கட்டும். பிரிட்டனில் பலர் நிகோட்டின் இல்லாத 50 மில்லி ஷார்ட்ஃபில் குப்பியில் நிக் ஷாட்டைக் கலந்து பயன்படுத்துகிறார்கள். கலந்த பிறகு அது 10 மில்லியைத் தாண்டிய நிகோட்டின் குப்பி போலத்தான் தெரியும். பயணத்துக்கு அதை எடுத்துப் போகாமல் இருப்பதே நல்லது. நிகோட்டின் சூயிங்கமோ பட்டையோ கைவசம் இருந்தால், இழுக்க இடமே கிடைக்காத நீண்ட ரயில் பயணத்தில் உதவும்.

வரியையும் பார்த்துவிடலாம். ஜெர்மனி 2026-ல் ஒரு மில்லிக்கு 32 சென்ட் வாங்குகிறது; 10 மில்லிக் குப்பிக்கு 3.20 யூரோ. நிகோட்டின் இல்லாவிட்டாலும் அதே வரிதான். பிரிட்டனில் 10 மில்லிக்கு 2.20 பவுண்டு வரி 2026 அக்டோபர் 1 முதல் என்று சட்டமாகியிருக்கிறது. ஸ்பெயினும் அயர்லாந்தும் 2025-ல் வரி போட்டன. ஒன்றியம் முழுவதற்கும் பொதுவான குறைந்தபட்ச வரி வேண்டும் என்று ஐரோப்பிய ஆணையம் 2025 ஜூலையில் முன்மொழிந்திருக்கிறது.

விமானத்தில் போகிறவர்களுக்கு வேறு கணக்கு. சர்வதேசப் பாதுகாப்பு விதிப்படி வேப் கருவியும் உதிரி பேட்டரியும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். செக்-இன் பெட்டிக்குள் லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் அங்கே யாரும் போய் அணைக்க முடியாது. கேபினில் என்றால் பணியாளர்கள் இருக்கிறார்கள். விமானத்துக்குள் இழுக்கவும் கூடாது, சார்ஜ் போடவும் கூடாது. கழிவறைக்குள் ஒளிந்து இழுத்தால் புகை உணர்கருவி கத்திவிடும். இன்னொன்று: டாங்க்கைக் காலி செய்துவிட்டு ஏறுங்கள். கொடைக்கானல் ஏறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்புமே, அதேதான் இங்கேயும் நடக்கிறது. விமான கேபினின் காற்றழுத்தம் ஏறக்குறைய அந்த மலையுயரத்து அழுத்தம். பாதி நிரம்பிய டாங்க்கில் உள்ள காற்று விரிந்து திரவத்தை வெளியே தள்ளிவிடும். சிந்துவது நிகோட்டின், தோல் வழியாகவும் உடலுக்குள் போகக்கூடியது. குழந்தையின் சாப்பாட்டு டப்பா இருக்கும் பையில் அதைப் போடவே போடாதீர்கள்.

திரும்பும் வழி இஸ்தான்புல் என்றால், துருக்கியில் வேப் விற்பனையும் இறக்குமதியும் தடை. லண்டனில் படிக்கும் பிள்ளை விடுமுறைக்குச் சென்னை வருவதாக இருந்தால், வேப்பை அங்கேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். 2019-ல் இந்தியா கொண்டுவந்த சட்டம் மின் சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, சேமிப்பு அனைத்தையும் தடைசெய்கிறது. இறக்குமதிக்கு முதல் முறையே ஒரு வருடம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். லண்டன் கடையில் பில் போட்டு வாங்கியது என்று மீனம்பாக்கத்தில் சொல்லிப் பயனில்லை.

விட்டுவிட்டு வருவதென்றால் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வருவதல்ல. குப்பை வண்டியில் நசுங்கும் பேட்டரி தீப்பிடிக்கும். பிரிட்டனில் வேப் விற்கும் கடைகள் பழையதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். ஒன்றிய நாடுகளில் மின்சாதனங்களுக்கு 400 சதுர மீட்டரும் அதற்கு மேலும் இடம் ஒதுக்கிய கடைகள், 25 சென்டிமீட்டருக்குள் அடங்கும் பழைய கருவிகளைக் காசு வாங்காமல் ஏற்க வேண்டும். அங்கே எதுவும் வாங்க வேண்டிய அவசியமில்லை. வாசலருகே அதற்கென ஒரு பெட்டி வைத்திருப்பார்கள், கேட்டால் காட்டுவார்கள்.

(அடுத்த இதழில்: மருந்துப் பையோடு எல்லை கடப்பது)