ஆட்டின் ஏப்பத்தில் மீத்தேன்: உண்டாக்குவது யார்?

நியூசிலாந்தில் மனிதர்களைவிடச் செம்மறியாடுகள் பல மடங்கு அதிகம். 1982-இல் சுமார் 7 கோடியாக இருந்த எண்ணிக்கை இன்று 2.5 கோடிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆனாலும் அந்த நாடு வெளியிடும் பசுங்குடில் வாயுக்களில் ஏறக்குறையப் பாதி வேளாண்மையிலிருந்தே வருகிறது. அதில் பெரும்பங்கு ஆடுமாடுகளின் ஏப்பத்தில் கலந்துவரும் மீத்தேன்.

பலர் நினைப்பதுபோல் இது பின்வழியாகப் போவதில்லை. பத்தில் ஒன்பது பங்கு வாய், மூக்கு வழியாகவே வெளியேறுகிறது.

மீத்தேனை உண்டாக்குவது ஆடல்ல, அதன் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள். அசைபோடும் விலங்கின் இரைப்பையில் நான்கு அறைகள் உண்டு. முதலாவதும் பெரியதுமான அசையூண் அறையில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. அங்கே பாக்டீரியா, பூஞ்சை, ஒருசெல் உயிரிகள் ஆகியவை புல்லின் நாரை நொதிக்கவைத்துக் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. ஆடு உயிர்வாழ்வது பெரும்பாலும் இந்த அமிலங்கள் தரும் ஆற்றலில்தான்.

நொதிக்கும்போது ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் வெளிப்படுகின்றன. ஹைட்ரஜன் தேங்கினால் செரிமானமே மந்தப்படும். அதை எடுத்துக் கார்பன் டை ஆக்சைடுடன் சேர்த்து மீத்தேனாக்குபவை ஆர்க்கியா எனும் நுண்ணுயிர்கள். இவை பாக்டீரியா அல்ல, தனி உயிர்க் குலம் என்பதை 1977-இல் கார்ல் வூஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் கண்டறிந்தார்கள்.

இதில் விவசாயிக்கும் நட்டம் உண்டு. தின்ற தீனியின் ஆற்றலில் 2 முதல் 12 சதவீதம் மீத்தேனாகக் காற்றில் போய்விடுகிறது. அந்த மீத்தேனோ, 20 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். ஆனால் சுமார் 12 ஆண்டுகளில் சிதைந்துவிடும் என்பதால், இன்று குறைத்தால் பலனும் விரைவில் தெரியும்.

ஆர்க்கியாவின் மீத்தேன் நொதியை முடக்கும் 3-என்.ஓ.பி. என்ற பொருளைக் கறவை மாடுகளுக்குத் தர ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் அனுமதித்தது. அதைத் தீவனத்தில் நாள்தோறும் கலக்க வேண்டும். தொழுவத்து மாட்டுக்கு அது சரிப்படும். மலைச்சரிவில் தானாக மேயும் ஆட்டுக்கு யார் கலந்து கொடுப்பது?

அதனால் நியூசிலாந்து ஆய்வாளர்கள் ஆட்டின் பரம்பரையைப் பார்த்தார்கள். இழுவண்டியில் பொருத்திய பெட்டிகளில் ஆடுகளைத் தனித்தனியாக ஏறக்குறைய ஒரு மணி நேரம் அடைத்து, உள்ளே சேரும் வாயுவை அளந்தார்கள். ஒரே புல்லைத் தின்றாலும் சில ஆடுகள் குறைவாகவே மீத்தேன் விட்டன. அவற்றின் அசையூண் அறை சிறியது; தீனி அதில் நெடுநேரம் தங்குவதில்லை. இத்தகைய ஆடுகளை இனம்சேர்த்தபோது, மூன்று தலைமுறைகளில் அதிகம் விடும் மந்தைக்கும் குறைவாக விடும் மந்தைக்கும் பத்து சதவீதத்துக்கு மேல் வேறுபாடு வந்தது.

தீவனத்தில் கலப்பதை நிறுத்தினால் மீத்தேன் பழைய அளவுக்கே திரும்பிவிடும். கிடாவிடமிருந்து குட்டிக்கு வந்த குணம் நிலைத்து நிற்கும். மேய்ச்சல் நிலத்தை நம்பிய நாடுகளுக்கு, மெதுவானது என்றாலும் இதுவே நடைமுறைக்கு ஏற்ற வழி.