எண்ணும் ஆட்டமும்

ஹாக்கி என்றதும் புல்தரையில் பந்தடித்து ஆடும் ஆட்டமே நமக்கு நினைவில் எழும். கனடா நாட்டினருக்கோ அச்சொல் உறைந்த பனித்தரைமேல் ஆடும் ஆட்டத்தையே குறிக்கும். (பனிக்கட்டியைக் குவளையிலன்றி வேறெங்கும் யான் கண்டதில்லை.) அங்கே பந்துக்கு மாறாக, மூன்று அங்குல விட்டமுள்ள ரப்பர் வட்டு ஒன்று உண்டு. பக்கத்துக்கு அறுவராகச் சறுக்கிச் சென்று, மட்டையால் அவ்வட்டை எதிரியின் வலைக்குள் செலுத்த முயல்வர்.

இவ்வாட்டத்தில் கோல்கள் அரியவை. நேஷனல் ஹாக்கி லீக் பந்தயங்களில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் ஏறத்தாழ மூன்று கோல்களே பெறும். அவற்றுள் ஒன்று, யாரோ ஒருவர் காலில் பட்டுத் திசைமாறிப் புகுந்ததாகவும் இருக்கலாம். இந்நிலையில், கோல்களை மட்டும் கொண்டு அணியின் ஆற்றலை அளப்பது, ஒரே வினாவைக் கொண்டு மாணவன் கல்வியை அளப்பது போன்றதன்றோ?

பஃபலோ அணியில் கோல் காவலர்களுக்குப் பயிற்சியளித்தவர் ஜிம் கார்சி என்பவர். அவர் காவலரின் உழைப்பை அளக்க விரும்பினார். வலைக்கு வெளியே சென்ற அடிக்கும், இடையில் பிறர் மேற்பட்டு நின்ற அடிக்கும் காவலர் ஆயத்தமாக அசையவேண்டும் அல்லவா? ஆதலின், அடிக்க முயன்றவை அனைத்தையும் அவர் எண்ணினார். ஆட்டத்தை ஆராய்ந்த அன்பர்கள் பின்னர் இக்கணக்கை அணிகளுக்கே பொருத்திக் 'கார்சி' எனப் பெயரிட்டனர். இரு அணியினரும் செய்த 100 முயற்சிகளுள் 55 ஓர் அணிக்கு உரியவாயின், அதன் பங்கு 55 விழுக்காடு. வட்டு தம்மிடம் இருந்தாலன்றி அடித்தல் இயலாது; ஆதலின் வட்டை ஆண்டவர் எவர் என்பதை இப்பங்கு காட்டும். தொலைவில் அடித்ததும் வலையருகே அடித்ததும் ஒன்றாக எண்ணப்படுவது இதன் குறை. பின்வந்தோர் இடத்தையும் கோணத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு அதனைத் திருத்தினர்.

2011-12ஆம் ஆண்டுப் பந்தயங்களில் லாஸ் ஏஞ்சல்ஸ் அணி கோலடிப்பதில் 30 அணிகளுள் 29ஆவதாக நின்றது. முயற்சிப் பங்கிலோ அது முன்னணியில் இருந்தது. அவ்வணியே 2012இல் ஸ்டான்லி கோப்பையை வென்றது. கொலராடோ அணியின் கதை இதற்கு மறுதலை. 2013-14இல் அது 112 புள்ளிகள் பெற்றுத் தன் பிரிவில் முதலிடம் கொண்டது. ஆயினும் முயற்சிகளுள் பாதிக்கும் குறைவே அதற்கு உரியன. இது நிலையாது என்றனர் எண்ணறிந்தோர். ஆட்டக்களத்தில் முதிர்ந்தோர் பலர் அதனை ஏற்கவில்லை. மறு ஆண்டு அவ்வணி 90 புள்ளிகளே பெற்று, இறுதிச் சுற்றுகளில் நுழையவும் இயலாது நின்றது.

2014ஆம் ஆண்டு வேனிற்காலத்தில் அணிகள் பல இக்கணக்கறிஞர்களைப் பணியில் அமர்த்தலாயின. 2015 பிப்ரவரியில் லீக்கே இக்கணக்குகளைத் தன் பதிவுகளில் வெளியிடத் தொடங்கியது.

அவ்வறிஞருள் ஒருவர் எரிக் டல்ஸ்கி. வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். எதிரியின் எல்லைக்குள் வட்டைத் தானே கொண்டு நுழைதல் நன்றோ, உள்ளே எறிந்துவிட்டு விரைந்து சென்று பிடித்தல் நன்றோ என்பது அவர் ஆராய்ந்த வினா. எறிதலே இடரற்றது என்பது பயிற்சியாளர் பலரின் கொள்கை. அவரும் துணைவரும் ஒவ்வொரு நுழைவாக எண்ணிப் பார்த்தனர்; கொண்டு நுழைந்தபோது கிடைத்த அடிகள் இருமடங்குக்கும் மேற்பட்டன! கரோலினா அணி 2014இல் டல்ஸ்கியைத் துணைக்கு அழைத்தது. 2024இல் தன் பொது மேலாளராகவே அமர்த்திக்கொண்டது.